என் வீட்டில் கடிபட்ட நாற்பத்தோரு பேர்

முப்பத்தொரு வருடம் நான் அரசாங்கத்துக்காகத் துணி இழுத்தேன். வேலை அவ்வளவுதான். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் வெள்ளைக் கம்பளித் துணி. முன் விளிம்பில் ஒரு கம்பு, கம்பில் ஒரு கயிறு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்வெளியில் பொறுமையாக நடக்க வேண்டும். இருபது அடிக்கு ஒரு முறை நின்று துணியைப் புரட்டி, அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணிகளை இடுக்கியால் எடுத்துக் குப்பியில் போட்டு, எண்ணி எழுத வேண்டும். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு, ஏதோ ஒரு கிறுக்கன் தன் போர்வையைக் காற்று வாங்கக் கூட்டிப்போவது போல இருக்கும்.

உண்ணி பறக்காது, குதிக்காது. புல் நுனியில் ஏறி, முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு, பஸ்ஸை மறிக்கக் கை காட்டுகிறவர்களைப் போல நிற்கும். ஆடோ ஆளோ துணியோ, உரசிக்கொண்டு போவது எதுவானாலும் தொற்றிக்கொள்ளும். ஒரு கோடையில் பசி தாங்காத உண்ணி ஒன்று என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கடித்து, மையைக் குடித்து, நீலமாக உப்பிப் போயிருந்தது. பதிவேட்டில் 'புதிய இனம், நீலம்' என்று எழுதினேன். மூன்று வருடம் ஆராய்ச்சி நடந்தது. ஒருவர் அதை வைத்து டாக்டர் பட்டமும் வாங்கினார். இன்னொரு தடவை ஒரே துணியில் அத்தனை உண்ணிகள் ஏறிவிட்டன. நான் துணியை இழுக்கவில்லை, துணிதான் என்னை இழுத்துக்கொண்டு போய் ஆபீஸ் வாசலில் விட்டது.

இப்படியெல்லாம் சொல்வதால் ஆபீஸில் எனக்குப் 'புளுகுத் தாத்தா' என்று பெயர். முப்பது வயதில் வைத்தார்கள். வயது பின்னால் மெதுவாக வந்து சேர்ந்துகொண்டது. நீங்கள் ஒன்று செய்யுங்கள். நான் சாவகாசமாகச் சொல்கிற இடங்களை நம்ப வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிற இடங்களை நம்புங்கள். இனி வருவதில் பெரும்பாலும் பல் கடிதான்.

நாங்கள் எண்ணியதெல்லாம் ஒரு வரைபடத்தில் போய்ச் சேரும். நாடு முழுக்க உண்ணிக் காய்ச்சல் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பரவுகிறது என்று காட்டுகிற வரைபடம். துணியில் உண்ணி அகப்பட்டாலும் மாவட்டம் சிவப்பு, ஆஸ்பத்திரியில் நோயாளி அகப்பட்டாலும் சிவப்பு. மூன்று வருடம் இரண்டும் இல்லையென்றால் வெள்ளை. வெள்ளையான மாவட்டத்துக்கு டெஸ்ட் கிட் கிடையாது, மாத்திரை கிடையாது. இல்லாத நோய்க்கு எதற்கு மருந்து? நியாயம்தானே. நானே அந்த நியாயத்தைப் பத்துப் பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நான் இருப்பது ஆற்று மாவட்டத்தில். பெரிய ஆஸ்பத்திரி இங்கே இருப்பதால், டெஸ்ட் எப்போதும் நடந்துகொண்டே இருந்ததால், எங்கள் மாவட்டம் என்றைக்கும் சிவப்பு. என் தங்கையும் அவள் கணவரும் இருப்பது நான்கு மணி நேரப் பயணத்தில், மலைமேல் இருக்கிற மேட்டு மாவட்டத்தில். நான் ஓய்வு பெற்ற மறு வருடத்திலிருந்து அங்கே துணியில் ஒரு உண்ணிகூடச் சிக்கவில்லை. டெஸ்ட் போடுகிற ஆஸ்பத்திரியும் அங்கே கிடையாது. மூன்று வருடம் கழிந்ததும் மாவட்டம் வெள்ளையாகிவிட்டது. அதற்காக எங்கள் டைரக்டருக்குக் கேடயம் ஒன்றும் கிடைத்தது.

அந்த வெள்ளை மாவட்டத்திலிருந்துதான் மாப்பிள்ளையை வேனில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள்.

மாப்பிள்ளை என்று நான் சொல்வது தங்கையின் கணவரை. மேய்ச்சல் நிலங்களுக்கு வேலி போடுவது அவர் தொழில். அறுபது வயதில் ஆளைப் பார்த்தால் அவர் நட்ட கல்தூண் மாதிரியே இருப்பார். அவருக்கும் எனக்கும் பதினெட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு ஏணி விஷயம். அவர் ஏணியை நான் உடைத்துவிட்டேன் என்பது அவர் கட்சி. ஏணி தானாக மனமுடைந்து போனது என்பது என் கட்சி. என் வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று அவர் சபதம் செய்து, அதை அப்பழுக்கில்லாமல் காப்பாற்றி வந்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவரின் கண் இரண்டும் சிவந்திருந்தன. உடம்பு அனலாய்க் கொதித்தது. நான் யாரையும் கேட்காமல் அவர் காலைத் தூக்கிப் பார்த்தேன். முழங்காலுக்குப் பின்னால், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு. முப்பத்தொரு வருட வேலையில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம் அந்தப் பொருக்குதான்.

"உண்ணிக் கடி. எத்தனை நாளா காய்ச்சல்?" என்றேன்.

"அஞ்சு நாளாச்சுண்ணே" என்றாள் தங்கை.

எட்டு நாளுக்குள் மாத்திரை உள்ளே போனால் ஆள் பிழைப்பார். போகாவிட்டால் மூளைக்கு ஏறிவிடும். அந்த மாத்திரை அரசாங்கத்திடம் மட்டும்தான் இருந்தது, வெளிக்கடையில் கிடைக்காது. ஆக, மூன்று நாள்.

டாக்டரம்மா சின்ன வயசு. தூக்கமில்லாத கண். நான் காட்டிய பொருக்கைக் குனிந்து பார்த்தார், கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார், இரண்டு தடவை தட்டினார், திரையை எங்கள் பக்கம் திருப்பினார். 'கடிபட்ட மாவட்டம்: மேட்டு மாவட்டம். இம்மாவட்டத்தில் நோய் இல்லை. பரிசோதனைக்கு அனுமதி இல்லை.'

"எனக்கும் உண்ணிக் காய்ச்சல்னுதான் தோணுது. ஆனா டெஸ்ட் போட முடியல. டெஸ்ட் நம்பர் இல்லாம ஃபார்மஸில மாத்திரை தர மாட்டாங்க" என்றார்.

"நோயாளி எதிர்ல கிடக்கார். நோய் இல்லைன்னு அந்தப் பெட்டி சொல்லுது. நீங்க யாரை நம்புறீங்க?"

"நான் இவரைத்தான் நம்புறேன் ஐயா. ஃபார்மஸி பெட்டியை நம்புது."

தங்கை இடையில் புகுந்தாள். "அந்தப் பெட்டிக்குக் காய்ச்சல் வந்தா எங்க கூட்டிட்டுப் போவாங்க?"

டாக்டரம்மா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பாவம், அவர் என்ன செய்வார். நான் எழுந்து நேராக ஆபீஸுக்கு நடந்தேன்.

ஆபீஸில் முதலில் ஸ்டோர் ரூமுக்குத்தான் போனேன். ஸ்டோர்க்காரர் பழைய சிநேகிதர். மேட்டு மாவட்டத்தில் உண்ணி இல்லை என்று எந்தத் துணி சொன்னது, அந்தத் துணியை ஒரு முறை கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன். நல்ல ஜவுளிக்கடையில் காட்டுவது போல ஒரு துணிக்கட்டை எடுத்து மேசையில் விரித்தார். பளிச்சென்று இருந்தது. ஆனால் அடித்த வாடையில் என் மூக்கு எரிந்தது.

"என்னய்யா வாடை இது?"

"பூச்சிமருந்து தாத்தா. நீங்க போனப்புறம் ஒரு பையனைக் கடிச்சுதில்ல, அப்ப சர்குலர் வந்துச்சு. களத்துக்குப் போற துணி வகை எல்லாத்தையும் மருந்துல நனைச்சுக் காயவச்சுத்தான் அனுப்பணும்."

"அது பேன்ட்டுக்கும் சட்டைக்கும் சொன்னதுய்யா."

அவர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். துணி வகை என்ற தலைப்பின் கீழ் வரிசையாக: பேன்ட், சட்டை, காலுறை, தொப்பி, இழுவைத் துணி. ஐந்தும் ஒரே பக்கம். ஐந்தும் ஒரே தொட்டி.

நான் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து வருடமாக, நாடு முழுக்க, உண்ணியைப் பிடிக்கப் போகிற துணியை உண்ணி ஓடுகிற மருந்தில் முக்கி அனுப்பியிருக்கிறார்கள். எலிப்பொறியில் பூனையைக் கட்டி வைத்துவிட்டு, எலி வரவில்லை, ஆகவே எலியே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். எழுதினதற்குக் கேடயம் வேறு. நான் எத்தனையோ புளுகியிருக்கிறேன். இவ்வளவு பெரிய புளுகு என் கற்பனைக்கு எட்டியதில்லை.

"உனக்குத் தோணவே இல்லையாய்யா?"

"தோணுச்சு தாத்தா" என்றார் அவர் தலையைக் குனிந்துகொண்டு. "கேட்டேன். சர்குலர்ல துணி வகைன்னுதானே போட்டிருக்கு, உனக்கென்ன வந்துச்சுன்னாங்க."

துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். டைரக்டர் அறையில் வரைபடம் சுவர் முழுக்கத் தொங்கியது. பாதி நாடு வெள்ளை. அதன் பக்கத்தில் கேடயம். லேப் அலமாரியிலிருந்து ஒரு குப்பியை வாங்கிப் போயிருந்தேன். உயிருள்ள உண்ணி ஒன்றை எடுத்து, அவர் மேசைமேல் துணியை விரித்து, நடுவில் விட்டேன். உண்ணி நான்கு அடி வைத்தது. குடிகாரன் மாதிரிச் சுற்றியது. மல்லாந்தது. அவ்வளவுதான்.

டைரக்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பெரியவரே, அஞ்சு வருஷ வேலையே தப்புன்னு சொல்ல வர்றீங்களா?"

"நான் சொல்லலை சார். இதோ மல்லாந்து கிடக்கே, இது சொல்லுது."

"சரி, எழுதிக் குடுத்துட்டுப் போங்க. அடுத்த கணக்கெடுப்பு நாலு மாசம் கழிச்சு. அதுல வேற துணி போட்டுப் பார்ப்போம்."

"என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு மூணு நாள்தான் சார் இருக்கு."

"அதுக்காக வரைபடத்தை இஷ்டத்துக்கு மாத்த முடியுமா? துணில உண்ணி வரணும், இல்ல ஆஸ்பத்திரில கேஸ் வரணும்."

"துணில மருந்தை ஊத்திட்டீங்க. ஆஸ்பத்திரியைப் பூட்டிட்டீங்க. கேஸ் எந்த வழியா வரும், கூரையைப் பிரிச்சுக்கிட்டா?"

அவர் மணியை அழுத்தினார். வந்தவர் என்னை மரியாதையாகத்தான் கீழே கூட்டிப்போனார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற வழியில் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. நிஜத்தைச் சொன்னால் பெட்டி பூட்டிக்கொள்கிறது. சரி. வாழ்நாளெல்லாம் நான் பழகிவைத்த வித்தை வேறு எதற்கு இருக்கிறது?

மாப்பிள்ளையின் காதருகே குனிந்தேன். "டாக்டரம்மா வந்து கேட்டா, போன வாரம் மச்சான் வீட்டுக்கு வந்திருந்தேன், அங்கதான் கடிச்சுதுன்னு சொல்லுங்க."

சிவந்த கண்ணைத் திறந்தார். பதினெட்டு வருடத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை: "மாட்டேன்."

"உயிர் போற விஷயம் மாப்பிள்ளை."

"செத்தாலும் உங்க வாசப்படியை மிதிச்சேன்னு சொல்ல மாட்டேன்."

தங்கை அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "செத்தப்புறம் சொல்ல முடியாது. அதனால இப்பவே சொல்லிடுங்க."

"ஏணி..." என்றார் அவர்.

"அந்த ஏணியிலேயே உங்களைத் தூக்கிட்டுப் போக வச்சிடாதீங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார். எல்லாமே காதில் விழுந்திருக்கும். உள்ளே வந்தவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்தார்.

"கடிபட்ட மாவட்டம்?"

"ஆத்து மாவட்டம்" என்றேன்.

"இடம்?"

"எங்க வீடு."

"நோயாளி ஒத்துக்கறாரா?"

மாப்பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு, வேப்பெண்ணெய் குடிப்பவர் போல, ஒரு தலையசைப்பு அசைத்தார். பெட்டி உடனே வாயைத் திறந்தது. டெஸ்ட் போட்டார்கள், நோய் உறுதியானது, அன்று மதியமே மாத்திரை உள்ளே போனது. மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரி டீ கழுநீர் மாதிரி இருக்கிறது என்றார். பிழைத்துவிட்டார் என்று அப்போதுதான் நாங்கள் நம்பினோம்.

வரைபடத்தில் என் தெருவின்மேல் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. மேட்டு மாவட்டம் பால் போல வெள்ளையாகவே இருந்தது. என் கோபம் இரண்டு மடங்கானது அப்போதுதான். அந்தப் படம் ஏற்கெனவே பொய். என் கையாலேயே அதை இன்னும் கொஞ்சம் பொய்யாக்கிவிட்டேன்.

என் தங்கை ஊருக்குப் போய் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் என் தங்கையே இல்லை. அடுத்த வாரம் மேட்டு மாவட்டத்திலிருந்து ஒரு கொல்லர் காய்ச்சலோடு வந்து, கடிபட்ட இடமாக என் வீட்டைச் சொன்னார். அதற்கப்புறம் ஒரு பள்ளி ஆசிரியை, அவர் இரண்டு பிள்ளைகள், பால் வண்டிக்காரர், அவர் சம்பந்தி. என் கதவு எண்ணும் தெருப் பெயரும் அந்த மலையில் எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. மூன்று மாதத்தில் நாற்பத்தோரு பேர். நாற்பத்தோரு பேருக்கும் மாத்திரை கிடைத்தது. நாற்பத்தோரு பேரும் பிழைத்தார்கள்.

ஒரு நாள் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க வீட்ல எத்தனை ரூம் ஐயா?"

"ரெண்டு."

"ரெண்டு ரூம்ல நாப்பத்தோரு பேர் எப்படித் தங்கினாங்க?"

"ஷிஃப்டு போட்டு" என்றேன்.

சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "எதுவும் எனக்குத் தெரியாது. ஆனா மேலிடத்துல கேக்க ஆரம்பிச்சிருக்காங்க. ஜாக்கிரதை" என்றார்.

வரைபடத்தில் என் வீட்டுப் புள்ளி சிவந்து, கருஞ்சிவப்பாகி, யாரோ படத்தில் துளை போட்டது போலக் கறுத்துவிட்டது. நாட்டிலேயே உண்ணிக் காய்ச்சல் மிக அதிகமாகப் பரவுகிற இடம் என் சமையலறை என்று அறிக்கை வெளியானது. பேப்பர் போடுகிறவர் பேப்பரைத் தெருமுனையிலிருந்தே வீசினார். எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தால் பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொண்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை டைரக்டர் ஆறு பேரோடு வந்து இறங்கினார். தலை முதல் கால் வரை மூடிய உடுப்பு. ஆளுக்கொரு வெள்ளைத் துணி. என் கட்டில்மேல் இழுத்தார்கள், குளியலறையில் இழுத்தார்கள், ஃப்ரிட்ஜின் தலைமேல் இழுத்தார்கள். ஒருவர் என் முதுகில்கூட இழுத்தார். அதே வாடை. நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணுகூட இல்லையே" என்றார் டைரக்டர்.

"இருக்காது சார். உங்க துணியைப் பார்த்ததும் பக்கத்துத் தெருவுக்குக் குடிபோயிருக்கும்."

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அன்று மாலைக்குள் என் முகவரியை முடக்கிவிட்டார்கள். இனி அந்த முகவரியைச் சொல்லி வருகிற யாருடைய பதிவும் இருபத்தொரு நாள் விசாரணைக்கு நிறுத்திவைக்கப்படும் என்று ஆஸ்பத்திரிக்கு உத்தரவு போனது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை தபால்காரம்மா வந்தார். மேட்டு மாவட்டத்தில் ஐந்து கிராமங்களுக்கு நடந்தே தபால் கொடுப்பவர். நாற்பத்தாறு வயது. காய்ச்சல் ஆறாம் நாள். விஷயம் தெரியாமல் நான் அன்றைக்கு ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன். வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்கதானா அந்த வீட்டுக்காரரு? உங்க வீட்டை ஒரு தடவை பார்க்கணும்யா. எங்க ஊரே வந்து தங்கிட்டுப் போயிருக்கு, நான் மட்டும்தான் பாக்கி" என்று சிரித்தார். பல் கிட்டிக்கொண்டு சிரிப்பு பாதியில் நின்றது.

உள்ளே போய் என் முகவரியைச் சொன்னார். தொழில் அது அல்லவா, ஒரு எழுத்து பிசகாமல் அஞ்சல் குறியீட்டோடு சொன்னார். பெட்டி பூட்டிக்கொண்டது. டாக்டரம்மா வேறு முகவரியைப் போட்டுப் பார்த்தார். தபால்காரம்மாவின் பதிவே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. எதைத் தட்டினாலும் இருபத்தொரு நாள். டாக்டரம்மா போனை எடுத்து டைரக்டர் ஆபீஸைக் கூப்பிட்டார். மீட்டிங் என்றார்கள். மறுபடி கூப்பிட்டார். சாப்பாட்டு நேரம் என்றார்கள். வெள்ளிக்கிழமை கூப்பிட்டார், கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது என்றார்கள். ஃபார்மஸி ஜன்னலில் போய் நின்று சத்தமே போட்டார். நானும் போட்டேன். ஜன்னலுக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், மாத்திரை டப்பா அடுக்கடுக்காக இருந்தது. கம்பிக்குள் நான் கையை விட்டேன். காவலாளி என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வெளியே விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தபால்காரம்மா இறந்துபோனார்.

இந்த இடத்தில் ஒரு புளுகு சொல்லி உங்களைச் சிரிக்கவைக்க என்னால் முடியவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸ் திறக்கும்போது நான் டைரக்டர் அறைக்குள் இருந்தேன்.

"நாப்பத்தோரு பேரும் என் வீட்ல கடிபடல. நான் சொல்லிக் குடுத்த பொய் அது" என்றேன்.

"தெரியும்" என்றார். குரலில் ஒரு கனிவு வேறு. "வயசான காலத்துல இரக்கப்பட்டுச் செஞ்சுட்டீங்க. இலாகா பெருந்தன்மையா விட்டுடும். மன்னிச்சாச்சு, வீட்டுக்குப் போங்க."

"மன்னிப்பை யார் கேட்டா? நோய் பத்திப் பொய்த் தகவல் குடுக்கறது குத்தம். சட்டத்துல இருக்கு. என்மேல கேஸ் போடுங்க."

"எதுக்குப் பெரியவரே வம்பு?"

"போடுங்க சார். கேஸ் போட்டா ரெண்டு வரி எழுதணும். சொன்ன பொய் என்ன, நடந்த நிஜம் என்னன்னு. நிஜத்தை எழுதுங்க. நாப்பத்தோரு பேரும் மேட்டு மாவட்டத்துல கடிபட்டாங்கன்னு உங்க கையால எழுதி, கையெழுத்துப் போடுங்க."

அவர் கனிவு எங்கே போனதென்று தெரியவில்லை. முகம் அவர் வரைபடத்தைப் போல வெள்ளையானது. மன்னிப்புக் கடிதத்தை அங்கேயே டைப் அடித்து, முத்திரை குத்தி, என் சட்டைப் பையில் திணிக்க வந்தார். நான் மேசையைச் சுற்றி ஓடினேன். அறுபத்தாறு வயதுக்காரனை ஒரு டைரக்டர் மன்னிப்போடு துரத்துகிறார். இதை நீங்கள் நம்பலாம், நான் அப்போதும் கோபமாகத்தான் இருந்தேன்.

அவர் எழுத மாட்டார் என்று தெரிந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எழுத்தர் தலை நிமிராமல் கேட்டார்.

"யார்மேல புகார்?"

"என்மேல."

நிமிர்ந்தார். "நீங்க யாரு?"

"குற்றவாளி."

"புகார் குடுக்க வந்தது யாரு?"

"அதுவும் நான்தான். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஆளா வந்துட்டேன், உங்களுக்கு ஒரு நாற்காலி மிச்சம்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை வெளியே அனுப்பத்தான் பார்த்தார். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஸ்டோர்க்காரர் வந்தார். கையில் அந்தப் பதிவேடு. துணி வகைப் பக்கத்தில் அடையாளம் வைத்திருந்தார். எழுத்தரிடம், "நானும் சாட்சி. தொட்டில நனைச்சது என் கைதான். எழுதிக்குங்க" என்றார். அவருக்கு ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது. பென்ஷன் போகலாம் என்று தெரிந்துதான் வந்திருந்தார்.

எழுத்தர் அந்தப் பக்கத்தைப் படித்தார். "மேட்டு மாவட்டத்துலயா உண்ணி இருக்குன்னு சொல்றீங்க? என் மகளைக் குடுத்திருக்கிறதே அங்கதான்யா" என்றவர், புதுத் தாளை எடுத்தார்.

எழுதி முடிக்க நான்கு நாள் ஆனது. நாற்பத்தோரு பேரும் மலையிலிருந்து வேன் வேனாக வந்து சாட்சி சொன்னார்கள். மாப்பிள்ளைதான் முதல் ஆள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, 'இந்த ஆள் வீட்டுப் பக்கம் நான் தலைவைத்துப் படுத்ததில்லை' என்று சத்தியம் செய்துவிட்டு, வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பாதி பன்னைப் பிட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு வாக்குமூலத்திலும் கடிபட்ட இடம் என்ற கட்டத்தில் மேட்டு மாவட்டம், மேட்டு மாவட்டம் என்று எழுத்தர் எழுதிக்கொண்டே போனார்.

நோய் பற்றிய வழக்கு எதுவானாலும் அதன் நகலை வரைபடத்தில் ஏற்றியாக வேண்டும் என்பது அந்த இலாகாவின் விதி. டைரக்டரால் அதைத் தடுக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை மாலை மேட்டு மாவட்டம் சிவப்பானது. திங்கட்கிழமை டெஸ்ட் கிட்டும் மாத்திரையும் லாரியில் மலையேறின. மறுவாரம் மற்ற வெள்ளை மாவட்டங்களுக்குப் புதுத் துணி, மருந்து படாத துணி, போனது. முதல் நாளே ஒன்பது மாவட்டங்களில் உண்ணி அகப்பட்டது. ஒன்பது மாவட்டம். ஐந்து வருடம். அந்த ஒன்பது மாவட்டங்களில் ஐந்து வருடமாக 'காரணம் தெரியாத காய்ச்சல்' என்று எத்தனை பேரைப் புதைத்தார்கள் என்பதை யாரும் எண்ணவில்லை. அதற்குத் துணி கிடையாது.

டைரக்டரை மாற்றிவிட்டார்கள். மேலே. இப்போது இன்னும் பெரிய அறை. ஸ்டோர்க்காரரை இடைநீக்கம் செய்தார்கள். என் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வாய்தா தவறாமல் போகிறேன், நீதிபதி கேட்பதற்கு முன்னாலேயே குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வேறொன்றில் இருக்கிறது. ஒவ்வொரு திங்களும் வரைபட ஆபீஸுக்குப் போகிறேன். புதிதாக வந்திருக்கும் அதிகாரி நல்ல மனுஷன், உட்காரச் சொல்கிறார், தண்ணீர் கொடுக்கிறார். மேட்டு மாவட்டத்தில் நாற்பத்தோரு புள்ளிகள் இருக்கின்றன, நாற்பத்திரண்டாவது எங்கே என்று கேட்கிறேன்.

"அவங்களுக்கு டெஸ்ட் பண்ணலையே ஐயா. டெஸ்ட் பண்ணாதவங்களைப் புள்ளியா வைக்க விதி இல்லை."

"ஏன் பண்ணலை?"

"அது வேற செக்‌ஷன்."

"எந்த செக்‌ஷன்?"

அவர் வரைபடத்தைப் பார்க்கிறார். எங்கள் ஊர் ஆஸ்பத்திரி இருக்கிற இடத்தையும் தபால்காரம்மா நடந்த ஐந்து கிராமங்களையும் நான் விரலால் தொட்டுக் காட்டுகிறேன். அடுத்த வாரம் வாங்க என்கிறார். ஐந்து மணிக்கு விளக்கை அணைக்கிறார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. காவலாளி வந்து கையைப் பிடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருக்கிறேன்.